ரன்டைமில் சின்டாக்ஸ் செட்டிங்கை மாற்ற விடலாமா? எங்கெல்லாம் உடையும்?

விதிக்காரன் (கேள்வி)

விதிகள் எழுதுவதற்கான ஒரு சிறிய மொழி. பயன்பாட்டுச் சர்வருக்குள்ளேயே ஓடுகிறது. விதிகள் டேட்டாபேஸில் வெறும் டெக்ஸ்டாக இருக்கின்றன. தேவைப்படும்போது பார்ஸ் செய்து (இலக்கணப்படி பிரித்து வாசித்து), கிடைக்கும் சின்டாக்ஸ் மரத்தை கேஷில் வைத்து, பல த்ரெட்கள் பகிர்ந்துகொள்கின்றன.

பயனர்கள் மூன்று விஷயங்களைச் செட்டிங்காகக் கேட்கிறார்கள். தசமக்குறி புள்ளியா, காற்புள்ளியா? பட்டியல் 0-இல் தொடங்குமா, 1-இல் தொடங்குமா? இரட்டை மேற்கோளுக்குள் இருப்பது சரமா, புலத்தின் பெயரா?

இப்போதைய யோசனை: அமைப்பு(தசமக்குறி, ",") என்பது போல ஒரு ஃபங்ஷன். விதிக்குள் எங்கிருந்தும் கூப்பிடலாம், கூப்பிட்ட நொடியிலிருந்து புது வழக்கம். மதிப்புகள் ஒரு குளோபல் ஆப்ஜெக்டில் இருக்கும். எழுத ஒரு மணி நேரம்கூட ஆகாது, அதனால்தான் சந்தேகம் வருகிறது. பிழைச் செய்தி வந்து உடைவதைப் பற்றிக் கவலையில்லை. சத்தமே இல்லாமல் தப்பான விடை வரும் இடங்கள் எவை? இதே வசதியை வைத்திருந்த மொழிகளில் என்ன ஆனது?

---

அடைப்புக்குறி

"கூப்பிட்ட நொடியிலிருந்து" என்கிறீர்கள். அந்த நொடி எது என்பதிலேயே முதல் குழி.

விதி முழுவதையும் பார்ஸ் செய்த பிறகு ஓட்டினால், முதல் வரியில் இருக்கும் அமைப்பு() ஓடும் நேரத்தில் பத்தாவது வரி ஏற்கெனவே பழைய வழக்கப்படி மரமாகியிருக்கும். பாஷ் ஷெல்லில் இது நன்றாகத் தெரியும். எக்ஸ்ட்குளோப் விருப்பத்தை (கோப்புப் பெயர்களைப் பொருத்தும் கூடுதல் வடிவங்கள்) ஒரு ஃபங்ஷனுக்குள் இயக்கி, அதே ஃபங்ஷனில் !(...) வடிவத்தை எழுதிப் பாருங்கள். ஃபங்ஷனின் உடல் முழுவதும் முதலில் வாசிக்கப்படுவதால், திறக்கும் அடைப்புக்குறியிலேயே சின்டாக்ஸ் பிழை வரும். இயக்கும் கட்டளைக்கு முறையே வராது. ஃபங்ஷனுக்கு வெளியே, முன்னாலிருக்கும் தனி வரியில் இயக்கினால் சரியாகும். ஆனால் ஸ்கிரிப்டை ஓட்டாமல் சரிபார்க்க மட்டும் சொன்னால் அப்போதும் பிழைதான், ஏனென்றால் அந்த முறையில் எந்தக் கட்டளையும் ஓடாது. ஓட்டிப் பார்த்தால்தான் சின்டாக்ஸ் சரியா என்று தெரியும் மொழிக்கு எடிட்டர், ஃபார்மேட்டர், லின்ட்டர் எதுவும் ஒழுங்காக எழுத முடியாது.

"சரி, ஒரு வாக்கியம் வாசி, ஓட்டு, அடுத்ததை வாசி" என்று வைத்தால் வேறு தலைவலி. உங்கள் பார்சர் ஒரு டோக்கன் (எண், பெயர், குறி போன்ற ஒரு துண்டு) முன்னே பார்ப்பதாக இருந்தால், அமைப்பு() முடியும்போது அடுத்த வாக்கியத்தின் முதல் டோக்கன் பழைய விதிப்படி வெட்டப்பட்டு ஏற்கெனவே கையில் இருக்கும். அந்த வாக்கியம் 1,5 என்று தொடங்கினால் பாதி பழசு, பாதி புதுசு. அச்சுக்கோப்பு மொழியான டெக் (TeX) இதைத் தெளிவாக வரையறுத்திருக்கிறது: ஒவ்வொரு எழுத்துக்கும் 0 முதல் 15 வரை ஒரு வகை எண், எழுத்து டோக்கனாகும் கணத்தில் அந்த எண் ஒட்டிக்கொள்ளும், அதன்பின் மாறாது. வரையறை தெளிவாக இருந்தும், இன்னொரு கட்டளையின் ஆர்க்யுமென்டுக்குள் வெர்ப் (எழுதியதை அப்படியே அச்சிடும் கட்டளை) ஏன் வேலை செய்யவில்லை என்று புதிதாக வருபவர்கள் கேட்காத நாளில்லை. ஆர்க்யுமென்ட் முன்பே டோக்கனாகிவிட்டது, அவ்வளவுதான் காரணம்.

அடுத்தது கசிவு. காமன் லிஸ்பில் ஒரு கோப்பை லோட் செய்யும்போது ரீட்டேபிள் மாறி (எந்த எழுத்துக்கு என்ன பொருள் என்ற டேபிளைச் சுட்டுவது) தனியாகக் கட்டப்பட்டு, முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பாதுகாப்பாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் திரும்புவது எந்த டேபிளைச் சுட்டுகிறது என்பது மட்டும்தான். அந்த டேபிளுக்குள்ளேயே போய் ஓர் எழுத்தின் பொருளை மாற்றியிருந்தால், மாறியது எல்லோரும் பகிரும் அதே ஆப்ஜெக்ட். அடுத்து லோட் ஆகும் கோப்பும் அந்த மாற்றத்தோடு வாசிக்கப்படும். கோப்பின் தலையில் டேபிளை நகலெடுத்து, நகலைத்தான் திருத்த வேண்டும். உங்கள் குளோபல் ஆப்ஜெக்டும் இதே இனம். மதிப்பை மாற்றாதீர்கள், புது ஆப்ஜெக்ட் உண்டாக்கி அதைக் கொடுங்கள்.

ஒரு கொசுறு. அதே லிஸ்பில் எண்களை வாசிக்கும் அடிமானத்தை 16 ஆக்கிவிட்டு, பழையபடி 10 ஆக்க 10 என்று எழுதினால் அது பதினாறாக வாசிக்கப்படும், எதுவும் மாறாது. கடைசியில் புள்ளி வைத்து 10. என்று எழுதினால்தான் தசமம். ஃபோர்த் மொழியிலும் எந்த அடிமானத்தில் நின்றுகொண்டு அடிமானம் 10 என்றாலும் அதே அடிமானத்தில்தான் நிற்பீர்கள், அதற்காகவே தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். செட்டிங்கைத் திருப்பும் கட்டளையே அந்தச் செட்டிங்கால் பாதிக்கப்படுகிறதா என்று உங்கள் மொழியில் பாருங்கள். பாதிக்கப்படும்: அமைப்பு(தசமக்குறி, ".") என்பதில் நீங்கள் இரட்டை மேற்கோளைப் பயன்படுத்துகிறீர்கள். மேற்கோள் செட்டிங் மாறிய பிறகு அது சரம் இல்லை, புள்ளி என்ற பெயருள்ள புலம்.

---

கிடங்கு

மேற்கோள் செட்டிங்தான் மூன்றிலும் ஆபத்தானது. டேட்டாபேஸ்காரர்களுக்கு இது பழகிப்போன நோய்.

மைஎஸ்கியூஎல்லில் ஆன்சி கோட்ஸ் மோடை இயக்கினால் இரட்டை மேற்கோள் பெயரைக் குறிக்கும். பெரும்பாலான இடங்களில் "இப்படி ஒரு நெடுவரிசை இல்லை" என்று 1054 பிழை வந்துவிடும், அது நல்லதுதான். கெட்டது எது என்றால், சரத்தின் மதிப்பும் ஒரு நெடுவரிசையின் பெயரும் ஒன்றாக அமைவது. உங்கள் மொழியில் எழுதினால்:

நீக்கு எங்கே வகை = "வகை"

சரமாக வாசித்தால் ஒன்றிரண்டு பதிவுகள் போகும். பெயராக வாசித்தால் ஒவ்வொரு பதிவிலும் வகை தனக்கே சமம். காலியாக இல்லாத எல்லாம் போகும். பிழைச் செய்தி கிடையாது.

அதே மைஎஸ்கியூஎல்லில் || இயல்பாக "அல்லது". பைப்ஸ் ஆஸ் கான்கேட் மோடில் சரங்களை ஒட்டும் குறி. பொருளோடு முன்னுரிமையும் மாறுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை: "அல்லது" கடைசிப் படிகளில் இருக்கும், ஒட்டும் குறி பெருக்கல், கூட்டலைவிட இறுக்கமாகப் பிடிக்கும். அடைப்புக்குறி போடாத ஒரு வரி இரண்டு மோடிலும் இரண்டு வேறு மரம்.

பேக்ஸ்லாஷைச் சாதாரண எழுத்தாக்கும் மோட் நேரடியாகப் பாதுகாப்புப் பிரச்சினை. பயனர் கொடுத்த ' குறியை \' என்று மாற்றி அனுப்பும் கோட், அந்த மோடில் சரத்தை அங்கேயே முடித்துக் கொடுக்கிறது. மீதியெல்லாம் கட்டளையாக ஓடும். எஸ்கேப் செய்யும் லைப்ரரிக்கு எந்த மேற்கோளுக்குள் டெக்ஸ்ட் போகிறது என்பதும் தெரிந்தாக வேண்டியிருந்ததால், 5.7.6 பதிப்பில் மேற்கோள் குறியையும் சேர்த்து வாங்கும் புது ஃபங்ஷனே கொண்டுவந்தார்கள். மதிப்புகளை டெக்ஸ்டுக்குள் ஒட்டாமல் அளவுருவாகத் தனியே அனுப்பினால் இந்த வகை முழுதும் ஒழிகிறது. உங்கள் மொழிக்கும் அந்த வழி கட்டாயம் இருக்கட்டும்.

பிறகு, செட்டிங் எங்கே வாழ்கிறது என்பது. குளோபலாக மாற்றினால் புதிதாகத் திறக்கும் கனெக்‌ஷனுக்குத்தான் போய்ச் சேரும், ஏற்கெனவே பூலில் (திறந்து வைத்துப் பகிரும் தொகுப்பில்) இருப்பவை பழைய மோடிலேயே ஓடும். ஒரே கோரிக்கை, எந்தக் கனெக்‌ஷன் கையில் வந்ததோ அதைப் பொறுத்து இருவிதமாக நடக்கும். செஷனில் மட்டும் மாற்றிவிட்டு மீட்டமைக்காமல் பூலுக்குத் திருப்பினால், அடுத்து அதை எடுப்பவருக்குப் போய்ச் சேரும். போஸ்ட்கிரெஸில் டிரான்சாக்‌ஷன் முடிந்ததும் தானே விலகும் செட் லோக்கல் இதற்காகத்தான். உங்கள் த்ரெட் பூலுக்கும் கணக்கு இதேதான்.

சேமித்து வைத்த டெக்ஸ்டைப் பொறுத்தவரை மைஎஸ்கியூஎல் சரியாகச் செய்தது: ஒரு ப்ரொசீஜர் உருவான நேரத்து மோடும் அதனோடு சேமிக்கப்படும், எந்த மோடில் இருந்து கூப்பிட்டாலும் அந்த மோடில்தான் ஓடும். போஸ்ட்கிரெஸில் அப்படித் தானாக நடக்காது. பிஎல்/பிஜிஎஸ்கியூஎல் மொழியில் எழுதிய ஃபங்ஷனின் உடல் டெக்ஸ்டாகவே கிடந்து, ஒவ்வொரு செஷனிலும் முதல் முறை கூப்பிடும்போது பார்ஸ் ஆகிறது. பேக்ஸ்லாஷைத் தீர்மானிக்கும் ஸ்டாண்டர்டு கன்ஃபார்மிங் ஸ்ட்ரிங்ஸ் 2011-இல் வந்த 9.1 பதிப்பில் இயல்பாகவே "ஆன்" ஆயிற்று. பழைய வழக்கத்தில் எழுதிய ஃபங்ஷனுக்கு அந்தச் செட்டிங்கை அதன் வரையறையிலேயே கட்டிவைக்க வேண்டும். உங்கள் விதிகள் இந்த இரண்டாவது ரகம்.

---

அடைப்புக்குறி

கிடங்கு சொன்னதோடு எஸ்கியூஎல் சர்வரின் கோட்டட் ஐடென்டிஃபையரையும் (இரட்டை மேற்கோள் சரமா, பெயரா என்று தீர்மானிக்கும் செட்டிங்) சேர்க்கலாம். அது பார்ஸ் நேரத்திலேயே வேலை செய்கிறது. ஆகவே ஒருபோதும் உண்மையாகாத ஒரு "எனில்" கிளைக்குள் எழுதினாலும், அந்த இடத்துக்குக் கீழே உள்ளதெல்லாம் புதிய வழக்கத்தில் வாசிக்கப்படும். பார்க்க ரன்டைம் கட்டளை, உள்ளே பார்சருக்கான குறிப்பு. இரண்டு வேடமும் ஒருவருக்கே கொடுக்காதீர்கள்.

---

தசமன்

தசமக்குறியைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. இந்த ஒரு வரி போதும்:

சராசரி(1,5)

புள்ளி வழக்கத்தில் இரண்டு ஆர்க்யுமென்ட், விடை 3. காற்புள்ளி வழக்கத்தில் ஒரே ஆர்க்யுமென்ட், விடை ஒன்றரை. இரண்டுமே இலக்கணப்படி சரி. ஆகவே தசமக்குறியை மட்டும் தனியாக மாற்ற முடியவே முடியாது, ஆர்க்யுமென்ட் பிரிப்பானும் பட்டியல் பிரிப்பானும் கூடவே அரைப்புள்ளி (;) ஆக வேண்டும். அப்போது வாக்கியத்தை முடிக்க அரைப்புள்ளி வைத்திருந்தால் அதற்கும் வேறு குறி தேடணும்.

சி மொழியில் லொகேல் (நாடு, மொழி வழக்கங்களுக்கான அமைப்பு) இதே வேலையைத்தான் செய்கிறது. செட்லொகேல் முழு ப்ராசஸுக்கும் பொது. ஏதோ ஒரு திரை லைப்ரரி தொடக்கத்தில் அதைக் கூப்பிட்டு, கணினியின் வழக்கம் காற்புள்ளி என்று இருந்தால், அதன்பின் எண் வாசிக்கும் எஸ்டிஆர்டூடி 3.14-ஐ 3 என்று வாசித்துப் புள்ளியில் நின்றுவிடும். எங்கே நின்றது என்று பார்க்காத கோடுக்கு 3-தான் விடை. எழுதும் பக்கம் ஜேசானில் 3,14 என்று விழுந்து எதிர்முனை உடையும். த்ரெட்டுக்குத் தனி லொகேல் வைக்கும் யூஸ்லொகேல் பிறகு வந்தது. சி++17-இல் லொகேலைக் கண்டுகொள்ளாத ஃப்ரம் கேர்ஸ் வந்தது. கோப்பு வாசிக்க அதைத்தான் எடுக்க வேண்டும்.

எக்செல் தேர்ந்த வழி வேறு. கோப்பில் ஃபார்முலா எப்போதும் ஒரே நிலையான வடிவத்தில்: ஆங்கிலப் பெயர்கள், புள்ளி, காற்புள்ளிப் பிரிப்பான். திரையில் காட்டும்போது மட்டும் பயனரின் வழக்கத்துக்கு மாற்றுகிறார்கள். உங்கள் பயனர்கள் உண்மையில் கேட்பது இதுவாகத்தான் இருக்கும். அவர்களுக்குக் காற்புள்ளியைத் தட்ட வேண்டும், அவ்வளவே. எடிட்டரில் மொழிபெயர்த்துவிட்டால் ரன்டைமுக்கு இந்தச் செட்டிங்கே தேவையில்லை. ஓட்டை ஒன்று உண்டு. சரத்துக்குள் இருக்கும் ஃபார்முலா மொழிபெயராது. ஜெர்மன் எக்செல்லில் இன்டைரக்ட் ஃபங்ஷனுக்கு வரிசை, நெடுவரிசைக்கான ஜெர்மன் எழுத்துகளில் சரமாகக் கொடுத்த முகவரி, ஆங்கிலப் பதிப்பில் திறந்தால் புரியாது. உங்கள் மொழியில் டெக்ஸ்டை ஓட்டும் மதிப்பிடு("...") போன்ற ஏதாவது இருக்கிறதா?

பட்டியல் தொடக்கம் பற்றி என் கருத்து ஒரே சொல்: வேண்டாம். இது சின்டாக்ஸ் இல்லை, மதிப்பின் பொருள். பட்டியல்[1] என்பதைப் பார்ஸ் நேரத்தில் திருத்திவிடலாம். ஆனால் இடம்(பட்டியல், "அ") என்ற ஃபங்ஷன் 3 என்று விடை தந்து, அந்த 3 இன்னொரு வழக்கத்தில் எழுதிய விதிக்குள் போனால்? எண்ணின் முதுகில் எந்தத் தொடக்கம் என்று எழுதியிருக்காது. ஏபிஎல் மொழியில் இண்டெக்ஸ் தொடக்கம் ஒரு சிஸ்டம் மாறி, அதனால் ஒழுங்காக எழுதுபவர்கள் ஒவ்வொரு ஃபங்ஷன் தலைப்பிலும் அதை உள்ளூர் மாறியாக்கி மதிப்பு வைப்பார்கள். பெர்லில் அதற்கே $[ என்று ஒரு மாறி இருந்தது. 5.12-இல் கைவிடும் பட்டியலில் சேர்த்தார்கள், 5.30 முதல் அதற்குப் பூஜ்யம் தவிர வேறெதையும் கொடுக்க முடியாது.

---

விதிக்காரன்

பட்டியல் செட்டிங்கைக் கைவிடுகிறோம். மதிப்பிடு() இருக்கிறது. விதிகளை நகலெடுக்க மரத்தைத் திரும்ப டெக்ஸ்டாக எழுதும் வசதியும் இருக்கிறது. மேற்கோள் செட்டிங்கைத் தவிர்க்க முடியாது, இரண்டு வழக்கத்திலும் விதிகள் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டன. எங்கே வைப்பது?

---

பழம்பார்சர்

டெக்ஸ்டோடு வையுங்கள். ஓடும் ப்ராசஸோடு அல்ல.

விதியின் முதல் வரி ஒரு தலைப்பாக இருக்கட்டும்: #வழக்கம் 2. அது ஃபங்ஷன் இல்லை. லெக்ஸர் (டெக்ஸ்டை டோக்கன்களாக வெட்டும் பகுதி) தொடங்குவதற்கு முன் தனியாக வாசிக்கப்படும். வேறெந்த வரியில் வந்தாலும் பிழை. வரப்போகும் பதிப்பின் வழக்கத்தை முன்கூட்டியே இயக்கும் பைத்தானின் ஃப்யூச்சர் இம்போர்ட் கோப்பின் தலையில் மட்டுமே அனுமதிக்கப்படுவது இதே காரணத்துக்காக. தனித்தனி சுவிட்ச் வைக்காமல் ஒரே எண் வைப்பதும் முக்கியம். மூன்று சுவிட்சுக்கு எட்டுச் சேர்க்கைகள், ஐந்துக்கு முப்பத்திரண்டு. அத்தனையையும் யாரும் டெஸ்ட் செய்யப்போவதில்லை. ரஸ்ட் 2015, 2018, 2021, 2024 என்று பதிப்பு ஆண்டாக வைத்திருக்கிறது. அங்கே ஒரு கிரேட்டுக்கு (ஒன்றாகக் கம்பைல் ஆகும் தொகுப்புக்கு) ஒரு பதிப்பு. மேக்ரோ வழியாக வரும் டோக்கன்கூடத் தான் எழுதப்பட்ட கிரேட்டின் பதிப்பைச் சுமந்தே வரும். அதனால்தான் பழையதும் புதியதும் ஒரே நிரலில் சேர்ந்து ஓட முடிகிறது.

பார்சருக்கு வழக்கத்தை ஆர்க்யுமென்டாகக் கொடுங்கள்: பார்ஸ்(டெக்ஸ்ட், வழக்கம்). வழக்கம் என்பது திருத்த முடியாத ஆப்ஜெக்ட். குளோபலைப் படிக்கும் ஒரு வரிகூட லெக்ஸரில் இருக்கக் கூடாது. த்ரெட் லோக்கல் போதுமே என்று தோன்றும். அசிங்க் வேலைகள் ஒரே த்ரெட்டில் மாறிமாறி ஓடும்போது அதுவும் கசியும். விதி நடுவில் எக்செப்ஷனில் செத்தால் மீட்டமைக்கும் வரி ஓடாது என்பதும் இருக்கிறது. ஆர்க்யுமென்டாகப் போனால் மீட்டமைக்கவே எதுவும் இல்லை.

கேஷ் சாவி இப்போது டெக்ஸ்டின் ஹேஷ் (டெக்ஸ்டிலிருந்து கணக்கிடும் அடையாள எண்) மட்டும் என்றால், வழக்கம் எண்ணையும் பார்சரின் பதிப்பு எண்ணையும் அதில் சேருங்கள். தலைப்பு வரியும் சேர்ந்தே ஹேஷ் ஆகிறது, எதற்கு இன்னொன்று என்று கேட்கலாம். தலைப்பில்லாத பழைய விதிகளுக்கு இயல்பு வழக்கத்தை ஒருநாள் மாற்றுவீர்கள், அன்றைக்குத் தெரியும்.

மதிப்பிடு() அதைக் கூப்பிடும் வரி எந்த விதியில் எழுதப்பட்டதோ அதன் வழக்கத்தை எடுக்கட்டும். கூப்பிட்டவரைக் கூப்பிட்டவரின் வழக்கம் அல்ல. ஜாவாஸ்கிரிப்டில் டெக்ஸ்டைக் கோடாக ஓட்டும் ஈவாலை நேரடியாகக் கூப்பிட்டால், சுற்றியுள்ள கோடின் ஸ்ட்ரிக்ட் (கடுமையான விதிகள்) நிலையை வாங்கிக்கொள்ளும், வேறு பெயர் வழியாகச் சுற்றிக் கூப்பிட்டால் வாங்காது. இந்த இரட்டை நடத்தை வேண்டாம், ஒன்றைத் தேர்ந்து எழுதிவையுங்கள்.

மரத்தைத் திரும்ப எழுதும்போது தலைப்பையும் எழுத வேண்டும், அடைப்புக்குறிகளையும் தாராளமாகப் போட வேண்டும். ப்ரோலாக்கில் ஆபரேட்டர்களை ரன்டைமில் மாற்றலாம். கழித்தல் குறியை இடப்பக்கச் சேர்க்கையிலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினால் 1-2-3 என்பது -4 ஆக இருந்தது 2 ஆகிவிடும். எழுதிய பக்கமும் வாசிக்கும் பக்கமும் வேறு ஆபரேட்டர் அட்டவணை வைத்திருந்தால் கோப்பு சத்தமில்லாமல் பொருள் மாறும். அதற்குத்தான் ஆபரேட்டர் வடிவத்தைத் தவிர்த்து எழுதும் ரைட் கனானிக்கல் இருக்கிறது. விதிகளை ஒட்டிச் சேர்க்கும் வசதி இருந்தாலும் கவனம்: ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை வெறுமனே ஒட்டும்போது முதல் கோப்பின் தலையில் இருந்த ஸ்ட்ரிக்ட் வரி மொத்தத்தையும் ஸ்ட்ரிக்ட் ஆக்கும். ஒட்டுவதென்றால் மரங்களைச் சேருங்கள், டெக்ஸ்டை அல்ல.

பழைய விதிகளுக்கு: ஒவ்வொன்றையும் இரண்டு வழக்கத்திலும் பார்ஸ் செய்து மரங்களை ஒப்பிடுங்கள். ஒன்றில் மட்டும் பார்ஸ் ஆனால் அந்த வழக்கத்தின் தலைப்பை ஒட்டலாம், ஆனால் பெயர்கள் உண்மையான புலங்களுடன் பொருந்துகின்றனவா என்றும் பார்த்த பிறகு. இரண்டிலும் ஆகி மரமும் ஒன்றே என்றால் எந்த எண்ணும் சரி. இரண்டிலும் ஆகி மரம் வேறாக வந்தவைதான் கிடங்கு காட்டிய "வகை" ரகம். அவற்றை எழுதியவரைக் கேட்காமல் தொடாதீர்கள், ஊகித்து ஒட்டும் ஸ்கிரிப்ட் வேண்டாம். இந்த ஒப்பீட்டை அப்படியே நிரந்தர டெஸ்டாக வைத்துக்கொள்ளலாம். கூடவே எழுது, வாசி, மரம் அதேதானா என்ற சுற்றுச் சோதனை, இரண்டு வழக்கத்துக்கும்.

---

கிடங்கு

ஒன்று விட்டுப்போனது: ஒப்புதல். விதியைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுக்கும் படி இருந்தால், அங்கே பார்த்த வழக்கமும் ஓடும் வழக்கமும் ஒன்றா? ஒப்புதல் பதிவில் டெக்ஸ்டின் ஹேஷோடு வழக்கம் எண்ணையும் போடுங்கள். இல்லாவிட்டால் தீங்கற்றதாகப் பார்த்த டெக்ஸ்ட் வேறொரு மரமாக ஓடும்.

---

விதிக்காரன்

ஒப்புதல் இருக்கிறது, ஹேஷ் மட்டும்தான் வைக்கிறது, திருத்துகிறோம். கடைசி ஐயம்: சோதித்துப் பார்க்க ஒரு ஊடாட்டத் திரை இருக்கிறது, ஒரு வரி தட்டினால் உடனே விடை. அங்கே தலைப்பு வரியைத் தட்டச் சொன்னால் யாரும் தட்டமாட்டார்கள்.

---

பழம்பார்சர்

அங்கே மாற்ற விடலாம், ஆனால் மொழிக்கு உள்ளே அல்ல. திரையின் சொந்தக் கட்டளையாக, மொழியில் எந்த வழக்கத்திலும் செல்லாத ஓர் எழுத்தில் தொடங்கட்டும்: ~வழக்கம் 2. அடைப்புக்குறி சொன்ன "திரும்பி வரவே முடியாத" சிக்கலும் அப்போது வராது. நடப்பு எண்ணை உள்ளீட்டுக் குறிக்குப் பக்கத்தில் காட்டுங்கள். "விதியாகச் சேமி" பொத்தான் அந்த எண்ணைத் தலைப்பாகத் தானே எழுதிவிடட்டும்.